கொலுப் பார்க்கும் குப்பை மேட்டுக் காடும்

நவராத்திரிக்கு மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கொலு வைக்கும் தமிழ் வீடுகளில், படிகளுக்கு முன்னால் தரையில் 'பார்க்' என்று ஒன்று அமைப்பது வழக்கம். தாம்பாளத்தில் மண் பரப்பிக் கேழ்வரகோ கடுகோ தூவி வைத்தால் நாலைந்து நாளில் அது புல்வெளி. முகம் பார்க்கும் கண்ணாடி குளமாகிவிடும். தீப்பெட்டி அடுக்கில் வீடு எழும்பும். மண்ணில் செய்த யானைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கார் நிற்கும், அதற்கும் பக்கத்தில் செட்டியார் கடை விரித்திருப்பார். கலை விமர்சகர்கள் கலப்பு ஊடகம் என்று சொல்வதன் இலக்கணம் ஏறக்குறைய முழுவதும் இந்தத் தாம்பாளத்தில் இருக்கிறது. வளரும் பொருளும் வாங்கிய பொருளும் வீட்டில் கழித்த பொருளும் ஒரே பரப்பில் சேர்கின்றன. அளவுப் பொருத்தம் பார்ப்பதில்லை, ஆனால் இடப் பொருத்தம் பார்க்கிறார்கள். விஜயதசமி கழிந்ததும் எல்லாம் பிரிந்து அதனதன் இடத்துக்குப் போகும். பொம்மை பெட்டிக்கு, கண்ணாடி சுவருக்கு, முளை செடித் தொட்டிக்கு. பூங்காக்களில் கலைஞர்களைத் தங்கவைத்துப் படைக்கச் சொல்லும் ரெசிடென்சி ஏற்பாடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இடத்தையும் தனிமையையும் பற்றியே பேசுகிறார்கள். பொருள் எங்கிருந்து வந்தது, யார் கை வழியாக வந்தது, கலைஞர் கிளம்பிய பிறகு எங்கே போனது என்ற கணக்குதான் முதலில் கேட்கப்பட வேண்டியது என்பது என் கட்சி. மும்பை போன்ற ஊரில் இந்தக் கணக்கைக் கேட்காமல் பூங்காவில் கலை என்று பேசுவதே வீண்.

இந்த ஏற்பாட்டின் பூர்வகதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1871-இல் ஓவியர் தாமஸ் மோரன் ஓர் ஆய்வுக் குழுவோடு யெல்லோஸ்டோன் பகுதிக்குப் போய் நீர்வண்ணப் படங்கள் தீட்டினார். புகைப்படக்காரர் வில்லியம் ஹென்றி ஜாக்சனும் உடன் போனார். இருவரின் படங்களும் வாஷிங்டனில் சட்டம் செய்கிறவர்கள் முன் வைக்கப்பட்டன. அடுத்த ஆண்டே யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா ஆயிற்று. பிற்பாடு அந்நாட்டுப் பூங்காக்கள் பலவற்றில் கலைஞர்களை இரண்டு வாரம், நான்கு வாரம் என்று குடிலில் தங்கவைக்கும் முறை வந்தது. தங்குகிறவர் பார்வையாளர்களிடம் ஒரு முறை பேச வேண்டும், ஒரு படைப்பைப் பூங்காவுக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் பொதுவான நிபந்தனை. பூங்கா காட்சி தருகிறது, கலைஞர் தன் வண்ணப்பெட்டியோடு வந்து தன் வண்ணப்பெட்டியோடு போகிறார். இங்கிலாந்தின் கிரைஸ்டேல் காட்டில் 1977-இல் தொடங்கியது வேறொரு வழி. அங்கே சிற்பிகள் காட்டின் மரத்தையும் கல்லையும் கொண்டே செய்தார்கள், செய்தவற்றில் பல காட்டிலேயே மட்கட்டும் என்று விடப்பட்டன. ஆண்டி கோல்ட்ஸ்வொர்தி இலையையும் பனிக்கட்டியையும் கோத்துச் செய்தவை சில மணி நேரமே நிற்கும், புகைப்படம்தான் மிச்சம். இரண்டு வழிகளும் நேர்மையானவை. இரண்டுக்கும் பொதுவாக ஓர் அனுமானம் உண்டு. பூங்கா என்பது மனிதச் சரக்கு கலக்காத நிலம், கலைஞர் அதில் எதையும் சேர்த்துவிடக் கூடாது என்பது அது. தாராவிக்குப் பக்கத்தில் வந்து நின்றதும் அந்த அனுமானம் காலடியில் நொறுங்குகிறது.

சயான்–பாந்திரா இணைப்புச் சாலையில், மித்தி ஆற்றின் கரையில், தாராவியை ஒட்டி இருக்கிறது மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா. 37 ஏக்கர். உள்ளே போனால் அடர்ந்த மரநிழல், மழைநீர் சேமிக்கும் குளம், ஆற்றோரம் அலையாத்திச் செடிகள், கணக்கற்ற வண்ணத்துப்பூச்சிகள். 1970-களின் பிற்பகுதி வரை இது மாநகரின் குப்பை கொட்டும் மேடு. அதன்மேல் மண் போட்டு, மரம் நட்டு, பத்தாண்டுக்கு மேல் காத்திருந்து 1994-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். மும்பைப் பெருநகர வளர்ச்சி ஆணையம் உருவாக்கிய பூங்கா இது. ஆகவே இங்கே நிற்கும் ஒவ்வொரு மரத்தின் வேரும் ஒரு தலைமுறை மும்பைக்காரர்கள் கழித்துப் போட்டவற்றினூடே இறங்கியிருக்கிறது. கந்தல், கண்ணாடி, தகரம், எலும்பு, ரப்பர், அதன்மேல் ஒரு வரிசை மண், அதன்மேல் காடு. இதைவிடப் பெரிய கலப்பு ஊடகப் படைப்பு இந்த நகரத்தில் வேறில்லை என்று சொன்னால் அது அலங்காரப் பேச்சாகாது. மிகைப்படுத்த வேண்டிய தேவையே இல்லாத உண்மை அது. மாட்டுங்காவிலும் இந்தக் குணத்தின் சின்ன உருவம் உண்டு. அம்பேத்கர் சாலை மேம்பாலத்தின் அடியில், குடிகாரர்களும் வண்டிகளும் ஆக்கிரமித்துக் கிடந்த இடத்தை 2016-இல் நானாலால் மேத்தா தோட்டமாக மாற்றினார்கள். அதன் நடைபாதை நர்மதை ஆற்றின் போக்கைப் போல வளைந்து போகிறது. மறுபக்கம் செம்பூரை அடுத்த தேவ்னார். 1927 முதல் குப்பை கொட்டும் அந்த மலை 2016 ஜனவரியில் நாள்கணக்கில் எரிந்து புகை கக்கியது நினைவிருக்கும். தாராவியை ஒட்டிய மேடு காடாயிற்று, தேவ்னார் மேடு மேடாகவே நின்றது. மும்பையில் பூங்கா என்பது பெரும்பாலும் மீட்டெடுத்த நிலம். மீட்டெடுத்ததன் வரலாறு மண்ணுக்குள் இருக்கிறது, பலகையில் இல்லை.

கழித்த பொருளையும் பூங்காவையும் சேர்த்து யோசித்தவர்கள் மூவரின் கணக்கைப் பார்ப்போம். முதலாமவர் சண்டிகரின் நேக் சந்த். சாலைப் பணி ஆய்வாளராக இருந்த அவர் 1950-களின் இறுதியில், நகரம் கட்ட இடித்த ஊர்களின் சிதிலத்தை யாருக்கும் சொல்லாமல் ஒரு காட்டுப் பள்ளத்தில் சேர்க்க ஆரம்பித்தார். உடைந்த வளையல், கழிப்பறைப் பீங்கான், சைக்கிள் சட்டம், மின்கம்பிச் சாதனங்கள் எல்லாம் ஆட்களாகவும் பறவைகளாகவும் ஆயின. 1970-களின் நடுவில்தான் அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். சட்டப்படி இடித்திருக்க வேண்டும், அரசு 1976-இல் பாறைத் தோட்டமாகத் திறந்துவைத்தது. பொருள் எங்கிருந்து வந்தது என்பதற்கு அவரிடம் துல்லியமான பதில் இருந்தது. எங்கே போகும் என்பதற்கு, எங்கேயும் போகாது, நிற்கும் என்பதே பதில். ஆனால் நிலைத்து நிற்பதும் பத்திரமில்லை. 2025-இல் உயர்நீதிமன்றத்தின் வாகன நிறுத்தத்துக்கும் சாலைக்கும் வழிவிட அதன் சுவரில் ஒரு பகுதியை இடித்தார்கள். இரண்டாமவர் விவான் சுந்தரம். 2008-இல் அவர் காட்டிய 'டிராஷ்' வரிசைக்காக, குப்பை பொறுக்குகிறவர்களோடு பணிபுரியும் அமைப்பின் துணையோடு கழிவைச் சேர்த்து, தன் பணியிடத்தில் ஒரு நகரத்தையே பரப்பி, படமெடுத்தார். பொருள் நாற்றமில்லாத புகைப்படமாகிச் சுவரேறியது. மூன்றாமவர் நியூயார்க்கின் மியர்லே லேடர்மன் யூக்கெலஸ். இவரிடம்தான் மும்பைக்குப் பாடம் அதிகம். 1977 முதல் அந்நகரத் துப்புரவுத் துறையில் சம்பளமில்லாத தங்கு கலைஞராக இருந்தவர். 1979-80-இல் 8,500 துப்புரவுத் தொழிலாளர்களையும் ஒவ்வொருவராகச் சந்தித்துக் கைகுலுக்கி நன்றி சொன்னதே அவருடைய பெயர்பெற்ற படைப்பு. 2001-இல் மூடப்பட்டுப் பூங்காவாக மாறிவரும் ஃபிரெஷ் கில்ஸ் குப்பை மேட்டுக்கும் அவர் நீண்டகாலம் பணிபுரிந்தார். பொருளைத் தொடுவதற்கு முன் அதைத் தொட்டவர்களின் கையைத் தொட்டார். ரெசிடென்சி என்ற சொல்லுக்கு இவ்வளவு கச்சிதமான பொருளை வேறு யாரும் தரவில்லை.

தாராவியில் அந்தக் கைகள் எங்கே இருக்கின்றன என்று தேட வேண்டியதில்லை. பதின்மூன்றாம் காம்பவுண்டில் பழைய பிளாஸ்டிக்கை வகை பிரிக்கிறவர் ஒரு துண்டை ஒடித்துச் சத்தம் கேட்கிறார், சந்தேகம் வந்தால் ஓரத்தைப் பொசுக்கி முகர்கிறார், நிறம் பார்த்துக் குவிக்கிறார். நொறுக்கி, கழுவி, கூரையில் காயவைத்து உருக்கி எடுத்தால் அது 'தானா', அடுத்த தொழிற்சாலைக்கு மூலப்பொருள். கும்பார்வாடாவின் சௌராஷ்டிரக் குயவர்கள் பஞ்சுக் கழிவைப் போட்டுச் சூளை எரிக்கிறார்கள். துணி ஆலையின் மிச்சம் பானையின் நெருப்பாகிறது. தோல் பதனிட வந்த திருநெல்வேலித் தமிழர்களின் கதை இங்கே 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் போகிறது. இன்றும் தோல்பை, பெல்ட், பர்ஸ் தைக்கிறவர்கள் வெட்டிய ஓரங்களை வீணாக்குவதில்லை. பெயின்ட் டப்பாக்களின் நெளிவை எடுத்து மறுபடி சந்தைக்கு அனுப்புகிற பட்டறைகள் தனி. கலைக் கல்லூரியில் பொருளறிவு என்ற பாடத்துக்கு ஒரு பருவம் ஒதுக்கினாலே அதிகம். இங்கே அது பிழைப்பு. பூங்காவுக்கு வெளியூரிலிருந்து ஒருவரை அழைத்து வந்து, தங்க அறை கொடுத்து, கழிவில் கலை செய்யச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். வேலிக்கு அப்பால் அந்தக் கழிவை விரல் நுனியில் அறிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட அந்த ஏற்பாட்டில் இல்லையென்றால், பொருளின் கணக்கில் முதல் வரியே பொய்.

இதைத் தாராவியில் முயன்று பார்த்திருக்கிறார்கள் என்பது நல்ல செய்தி. பெண்கள், குழந்தைகள் நலத்துக்காக இயங்கும் ஸ்னேஹா அமைப்பு, வெல்கம் அறக்கட்டளையின் நிதியோடு நடத்திய 'தேகா அன்தேகா' 2012-இல் கண்காட்சியாக வெளிவந்தது. தாராவிக்காரர்கள் கலைஞர்களோடு அமர்ந்து மண்ணிலும் துணியிலும் புகைப்படத்திலும் உடல்நலம் பற்றிச் சொன்னவை அதில் இருந்தன. அதன் நீட்சியாக 2015 பிப்ரவரி நடுவில் தொடங்கி மூன்று வாரம் நடந்தது தாராவி பியெனாலே. 'ஆலி கலி பியெனாலே' என்று செல்லப்பெயர், சந்துகளின் பியெனாலே. நயரீன் தாருவாலாவும் டேவிட் ஆஸ்ரினும் முன்னின்று நடத்தினார்கள். திடீரென்று முளைத்த திருவிழா இல்லை இது, அதற்கு முன் இரண்டு ஆண்டுக்கு மேலாகப் பட்டறைகள் நடந்தன. குடும்ப வன்முறையைத் துணி வரைபடமாகத் தைத்த பெண்களின் படைப்பு அதில் முக்கியமானது. ஊசியும் துணியும் தெரிந்த ஊரில், தெரிந்த கருவியைக் கொண்டே சொல்ல முடியாததைச் சொல்லவைத்தார்கள். 2016-இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த ஹோர்ஹே மான்யெஸ் ரூபியோவும் அமாண்டா பினாடியும் தள்ளுவண்டியில் ஒரு டிசைன் மியூசியத்தையே உருட்டினார்கள். காட்சிப்பொருள்கள் தாராவிக்காரர்கள் செய்தவையே. இந்த முயற்சிகள் எல்லாம் ஒன்றை நிரூபித்தன. நீண்ட பட்டறை, தெரிந்த பொருள், உள்ளூர்க் கை மூன்றும் சேர்ந்தால் தரம் தானாக வரும். ஆனால் இவை நடந்தது சந்துகளிலும் வாடகை அறைகளிலும். எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்கும் 37 ஏக்கர் காடு கலைக்கு உறைவிடமாகவில்லை. இதைக் குறை என்று சொல்ல மாட்டேன், பாக்கி என்று சொல்வேன்.

இனி மறுப்புகள். இயற்கை ஆர்வலர்கள் எழுப்பும் மறுப்பே எல்லாவற்றிலும் கனமானது. பாடுபட்டுக் குப்பையை மூடிக் காடாக்கினோம், மறுபடியும் பிளாஸ்டிக்கையும் பெயின்ட்டையும் பசையையும் கொண்டுவந்து கலை என்ற பெயரில் கொட்டுவதா? இதில் நியாயம் இருக்கிறது. வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் பொடிந்து மண்ணில் கலக்கும், மும்பை மழையில் செயற்கை வண்ணம் கரைந்து குளத்துக்குப் போகும். 2005 ஜூலை 26-இல் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டித் தீர்த்த ஊர் இது. மித்தி கரையில் வைத்த எதுவும் வைத்த இடத்தில் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆகவே எடை போட்டு உள்ளே விடுவது, எடை போட்டு வெளியே எடுப்பது என்று விதி செய்ய வேண்டும். பங்கார் எனப்படும் பழைய பொருள் கடையில் தினம் நடக்கிற காரியம்தானே, தராசு ஒன்றும் புதிதல்ல. மட்காத பொருள் நிழற்கூடத்தைத் தாண்டக் கூடாது, மரத்தடிக்குப் போவது களிமண், நார், சருகு, அரிசிக் கஞ்சி, சுண்ணாம்பு மட்டும். மாநிலத்தில் 2018-இல் தெர்மோகோல் அலங்காரத்துக்குத் தடை வந்தபோது கணபதி பந்தல்காரர்கள் உலகம் முடிந்ததுபோலப் பேசினார்கள். பிறகு காகிதத்துக்கும் அட்டைக்கும் துணிக்கும் மாறிக்கொண்டார்கள். தடை கற்பனையைக் கொல்வதில்லை, பல சமயம் சோம்பலைத்தான் கொல்கிறது.

இரண்டாவது மறுப்பு இடநெருக்கடி பற்றியது. மும்பையில் ஒரு ஆளுக்குக் கிடைக்கும் திறந்தவெளி ஒரு சதுர மீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். காலையில் நடக்கிற முதியவருக்கும் மாலையில் பந்து தேடும் பிள்ளைக்கும் போதாத இடத்தில் கலைஞருக்கு என்ன பட்டா? பட்டா வேண்டாம் என்பதே என் பதில். நிரந்தரச் சிற்பப் பூங்கா என்ற ஆசையை இந்த நகரம் கைவிட வேண்டும். சிமென்ட் கொக்கும் நீரூற்று டால்பினும் ஏற்கெனவே ஏராளம். அய்யனார் கோயில் காட்டில் நிற்கும் மண் குதிரைகளை நினைத்துப் பாருங்கள். வேளார் வனைந்து, சூளையில் சுட்டு, வண்ணம் பூசி, ஊர் கூடிப் புரவி எடுப்பு என்று சுமந்து போய் வைக்கிறார்கள். அடுத்த எடுப்பில் புதுக் குதிரை வரும், பழைய குதிரை காது உடைந்து, கால் உடைந்து, மண்ணோடு மண்ணாகும். யாரும் அதைப் பழுதுபார்ப்பதில்லை, அருங்காட்சியகத்துக்கு அனுப்பச் சொல்லி மனுவும் கொடுப்பதில்லை. கிரைஸ்டேல் 1977-இல் கண்டடைந்ததைச் சிவகங்கை, புதுக்கோட்டைக் கிராமங்கள் நெடுங்காலமாகச் செய்துவருகின்றன. நிற்கும் காலத்தை முன்கூட்டியே ஒப்புக்கொண்ட படைப்பு யாருடைய இடத்தையும் பறிப்பதில்லை.

மூன்றாவது மறுப்பு அரசியல் சார்ந்தது, அதைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. தாராவியை வேடிக்கை பார்க்க வரும் கூட்டத்துக்குக் குறைவில்லை. சுவரோவியம் வந்தால் பின்னாலேயே வாடகை ஏறும் என்ற அச்சமும் உண்டு. 2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு வென்ற பிறகு இந்த அச்சம் கூடியிருக்கிறது. இயற்கைப் பூங்கா திட்டத்துக்குள் வருமோ என்ற கேள்வி நீதிமன்றம் வரை போனது, வராது என்று அரசுத் தரப்பு சொன்னது. தாராவிக்காரர்களில் ஒரு பகுதியினரைக் குடியமர்த்த தேவ்னார் குப்பை மேட்டு நிலம் ஒதுக்கப்பட்டது. ஒரு குப்பை மேட்டின் பக்கத்தில் வாழ்ந்து அது காடானதைப் பார்த்தவர்களை இன்னொரு குப்பை மேட்டுக்கு அனுப்பும் திட்டம் என்று இதைச் சொல்லலாம். இப்படிப்பட்ட நேரத்தில் பூங்காவில் கலை என்பது கட்டுமானத் தட்டிக்கு அடிக்கும் வண்ணமாகிவிடாதா? ஆகலாம். யார் பணம் கொடுக்கிறார்கள், யார் பெயர் போடப்படுகிறது என்ற இரண்டு இடத்தில்தான் அது தெரியும். 2017-இல் சசூன் டாக்கில் நடந்த கலைத் திருவிழா பெருங்கூட்டம் சேர்த்தது, நல்ல படைப்புகளும் இருந்தன. ஆனால் கூட்டம் சேர்ப்பதே அளவுகோல் என்றால் இறால் உரிக்கும் பெண்கள் பின்னணிக் காட்சியாகிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. பெயர்ப் பலகையில் கலைஞருக்கு இணையாகப் பொருள் பிரித்தவர் பெயரும், அவர் சம்மதத்தோடு, வர வேண்டும். தினக்கூலியை விட்டுவிட்டு வருகிறவருக்கு அந்தக் கூலிக்குக் குறையாத தொகை தர வேண்டும். இவை இரண்டும் இல்லாத எந்த ஏற்பாட்டையும் தாராவி மறுத்துவிடுவது நல்லது.

கைவினையும் கலையும் ஒன்றாகிவிடுமே, தரம் என்னாவது என்று கேட்கிறவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் சோழமண்டலத்தை அமைத்தபோது, நிலம் வாங்கக் கைகொடுத்தது பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசு. பகலில் கைவினை, மிச்ச நேரத்தில் கலை என்று வாழ்ந்த அந்தக் கூட்டத்திலிருந்துதான் ஜானகிராமின் தகட்டுச் சிற்பங்களும் நந்தகோபாலின் உலோக வேலையும் வந்தன. தகடு அடிக்கத் தெரிந்த கை இந்திய நவீனச் சிற்பத்துக்குக் கொடுத்ததைப் பார்த்த பிறகும் டப்பா நெளிவெடுக்கிற கையைச் சந்தேகிப்பது வெறும் சாதிப் பழக்கம்.

ஆகவே வேண்டுவது சிறியது. மழை ஓய்ந்த பிறகு, நவராத்திரியை ஒட்டி, ஆறு வாரம். மூன்று பேர்: ஒருவர் கலை படித்தவர், ஒருவர் பதின்மூன்றாம் காம்பவுண்டிலிருந்து, ஒருவர் கும்பார்வாடாவிலிருந்து. இரவில் பூங்காவில் யாரும் தங்க வேண்டாம், இருவருக்கு வீடு சாலைக்கு அப்பால்தான். ஒரு நிழற்கூடம், ஒரு தராசு, வரவு செலவு எழுத ஒரு நோட்டு. செய்ததைப் பத்து நாள் காட்டிவிட்டு, ஊர் பார்க்கப் பிரித்தெடுத்து, எது எங்கே போனது என்று நோட்டில் எழுதிப் பூங்கா வாசலில் தொங்கவிட வேண்டும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருக்கும் தமிழ் அமைப்புகள் ஆண்டுதோறும் இசைக்கும் நாட்டியத்துக்கும் செலவிடுவதில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும். முதல் ஆண்டுக் கூலியை அவர்கள் ஏற்றுக்கொள்ளட்டும், பூங்கா நிர்வாகத்துக்கு முதல் கடிதத்தையும் அவர்களே எழுதட்டும். விண்ணப்பப் படிவத்தை மட்டும் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் குஜராத்தியிலும் அச்சடியுங்கள், எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.